மன்னிக்க எத்தனை பக்கம்?

ஓ.எல். சோதனை முடிந்த கையோடு கொக்குவிலில் இருக்கும் அக்காவின் மகள் வந்து நின்றாள். "சித்தி, வாசிக்க ஒரு லவ் கதை தாங்கோ."

கனடா மச்சாள் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அநேகமும் அமெரிக்கப் பள்ளிக்கூடக் கதைகள். பணக்காரப் பெடியன், புலமைப்பரிசிலில் வந்த பெட்டை. அவன் அவளை வதைப்பான், பிறகு காதலிப்பான். இதில் அழுது தாங்கும் நாயகி ஒரு ரகம், திருப்பிக் கொடுக்கும் நாயகி இன்னொரு ரகம். விறுவிறுப்பு, மாளிகை, முத்தம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அதில் மினக்கெட வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். அவன் மன்னிப்புக் கேட்டதிலிருந்து அவள் மன்னிக்கும்வரை எத்தனை பக்கம்?

முதல் ரகத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். வதை 200 பக்கத்துக்கு மேல். மன்னிப்பு 3 பக்கம். மழையில் நனைந்தபடி வந்து, சின்ன வயதில் தகப்பன் அடித்த கதையைச் சொல்வான். இவள் துவாய் எடுத்து அவன் தலையைத் துவட்டுவாள். புத்தகத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். முதல் அத்தியாயத்தில் டொக்டராக வேண்டும் என்றவள், அவனைக் கண்டபிறகு ஒரு பாடப்புத்தகம்கூடத் திறக்கவில்லையே!

மற்றதில் 90 பக்கம் ஓடுகிறது. அவள் பூவும் கேட்கவில்லை, கண்ணீரும் கேட்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால் சொன்ன பொய்யை எல்லாருக்கும் முன்னால் திருத்து" என்கிறாள். அதே கன்டீனில் கதிரையில் ஏறி நின்று, குரல் நடுங்கத் திருத்துகிறான். "சரி, கேட்டுவிட்டேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு அவள் வகுப்புக்குப் போய்விடுகிறாள். அந்த இடத்தை மட்டும் நான் மூன்று தரம் வாசித்தேன். இது ஒன்றும் புதுமையில்லை. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் நாயகியே, தான் கட்டப்போகிறவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்று கலியாணத்தன்று தெரிந்ததும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவள்தானே.

அழுவது பிழை என்று சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தப் பயத்தை முதல் ரகம் சில இடங்களில் உண்மையாகவே எழுதுகிறது. என் கோபம் அந்த 3 பக்கத்தில்தான். நாளைக்குக் கம்பஸ் போகப்போகிறவள் அக்காவின் மகள். இங்கே இலங்கையில் அந்தப் பெடியன் செய்ததற்குப் பெயர் பகிடிவதை; 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் 2 வருடம்வரை கடூழியச் சிறை கிடைக்கும். துவாயோடு ஓடுகிறவளை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு பெடியன்கள் சேர்ந்து ஒருத்தியைச் சுற்றும் தொடர்களும் பெட்டியில் இருந்தன. ஒன்றைப் பாதியில் மூடிவிட்டேன், ஆகவே அவற்றைப் பற்றி என் பேச்சை நம்பவேண்டாம்.

இரண்டாவதைத்தான் கொடுத்தேன், என் பக்கக் கணக்கையும் சொல்லி. நாலாம் நாள் வாட்ஸப்பில் பதில் வந்தது: "சித்தி, 90 பக்கம் காணாது."