மூன்று பல்ஸ் வரிசைகளும் வேலூர் வெயிலும்

வைரத்தில் உள்ள என்.வி. மையத்தை (ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலியிடமும் சேர்ந்த குறை) க்யூபிட்டாக, அதாவது குவாண்டம் தகவலின் அடிப்படை அலகாக வைத்து வேலூர், காட்பாடிப் பக்கம் ஆய்வகம் போடுகிறவர்களுக்கு முதல் தலைவலி இரைச்சல். இயற்கை வைரத்தில் 1.1 சதவீதம் கார்பன்-13. அந்த அணுக்கருக்கள் காந்தப்புலத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும்; அதில் க்யூபிட்டின் நிலை கலைந்துபோகும். அதை அடக்க, க்யூபிட்டை 180 டிகிரி புரட்டும் மைக்ரோவேவ் பல்ஸ்களைத் தொடர்ந்து அடிக்கிறோம். எந்த வரிசையில் அடிப்பது?

1950களில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆட்கள் உருவாக்கியது சி.பி.எம்.ஜி. வரிசை. எல்லாப் பல்ஸும் ஒரே அச்சில். அந்த அச்சிலேயே கிடக்கும் நிலையை அருமையாகக் காக்கும். செங்குத்தான நிலைதான் மாட்டிக்கொள்ளும். பல்ஸில் 1 சதவீதப் பிழை என்றால் ஒவ்வொன்றும் 1.8 டிகிரி அதிகமாகச் சுழற்றும். 100 பல்ஸ் முடிவதற்குள் அது 180 டிகிரியாகச் சேர்ந்து க்யூபிட் தலைகீழாகிவிடும். ஒரே தொடக்க நிலையில் மட்டும் அளந்துவிட்டு க்யூபிட் நிலையின் ஆயுள் கூடிவிட்டது என்று நம்பாதீர்கள். இரண்டு நிலைகளிலும் அளந்து பாருங்கள்.

எக்ஸ்ஒய்-8 அச்சை மாற்றி மாற்றி அடிக்கிறது: எக்ஸ், ஒய், எக்ஸ், ஒய், ஒய், எக்ஸ், ஒய், எக்ஸ். ஒரு பல்ஸின் பிழையை இன்னொன்று பெருமளவு கழித்துவிடும். முன்பின் தெரியாத நிலையைக் காக்க வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும்.

2007இல் வந்த உஹ்ரிக் வரிசையில் இடைவெளி சமமாக இருக்காது. இரு முனைகளிலும் பல்ஸ்கள் நெருங்கி நிற்கும். இரைச்சல் ஓர் அதிர்வெண்ணோடு சட்டென அறுந்தால்தான் அதற்கு மேன்மை. வால் நீண்டு மெல்லத் தேயும் இரைச்சலுக்குச் சம இடைவெளியே மேல்.

எக்ஸ்ஒய்-8இலும் ஒரு பொறி உண்டு. 400 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் கார்பன்-13 சுமார் 428 கிலோஹெர்ட்ஸில் சுழலும். பல்ஸ் இடைவெளி 1.17 மைக்ரோசெகண்டில் விழுந்தால், அல்லது அதன் ஒற்றைப்படை மடங்கில் விழுந்தால், பல்ஸ்கள் அந்தச் சுழற்சியோடு ஒத்துப்போய்ச் சிக்னல் சரிந்துவிடும். இடைவெளியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

காட்பாடி ரயில் தடத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு அஞ்ச வேண்டாம். 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஆடும் புலம், 100 மைக்ரோசெகண்ட் வரிசைக்கு அசையாப் புலம் மாதிரிதான். மூன்றுமே அதைக் கழித்துவிடும்.

மே மாதத்தில் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் நிலைமை வேறு. அறை 3 டிகிரி ஏறினால் வைரத்தால் க்யூபிட்டின் அதிர்வெண்ணில் வரும் நகர்வு சுமார் 0.22 மெகாஹெர்ட்ஸ்தான். புலத்தைத் தரும் நியோடிமியம் காந்தமோ டிகிரிக்கு 0.11 சதவீதம் வலுவிழக்கும். 400 காஸில் அது 3.7 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. 50 நானோசெகண்ட் பல்ஸ் வைத்திருந்தால் எக்ஸ்ஒய்-8கூடத் தாங்காது. ஆகவே இன்வெர்ட்டரை முதலில் காந்தத்தின் வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுங்கள். 0.1 டிகிரிக்குள் நிறுத்தினால் நகர்வு 0.12 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும். அந்த அளவை எக்ஸ்ஒய்-8 பார்த்துக்கொள்ளும்.