இன்லே ஏரியில் மீன் பார்க்கப் படகுச் சவாரி

மியான்மரின் இன்லே ஏரிக்குப் படகு கிளம்பும் நியாவுங்ஷ்வே துறையில் ஏறும்போதே, "அக்கோ (அண்ணே), வெள்ளிப் பட்டறை, நெசவுக் கடையெல்லாம் வேண்டாம், மீனைக் காட்டுங்க" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டேன். படகுக்காரர் சிரித்தார், ஆனால் சொன்னபடி செய்தார். பாசி அடர்ந்த ஓரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, காலால் துடுப்பு வலித்தார். இதற்கே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

நான் தேடிப்போனது சவ்ப்வா ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற சின்ன மீன். உடம்பில் செதிலே கிடையாது, ஆணுக்கு மூக்கும் வால் நுனிகளும் சிவப்பு. 1918-இல் விலங்கியலாளர் அனண்டேல் விவரித்த இந்த மீனுக்கு இன்லே வட்டாரம்தான் சொந்த வீடு. ரங்கூனில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதைப் பாசிக்குள் பார்ப்பது தனி சுகம்.

கூட வந்த வழிகாட்டிதான் சுமார். மீன்குஞ்சு வளர்த்து விட்டால் ஏரி பழையபடி ஆகிவிடும் என்றார். ஆனால் மிதக்கும் தக்காளித் தோட்டத்துப் பூச்சிமருந்து தண்ணீரில் கலக்கிறது, வெளியிலிருந்து வந்த திலாப்பியா மீன் பெருகிவிட்டது. முட்டையிடப் பாசி இல்லாமல் குஞ்சு மட்டும் விட்டு என்ன பயன்? வருடாவருடம் ஒரே பருவத்தில், ஒரே இடத்தில், ஒரே வலையால் பிடித்து எண்ணிப் பார்த்தால்தானே ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்?

மதியம் ஒரு கடையில் ஏரிக் கெண்டை கேட்டேன். முதுகு நெடுக முள்ளோடு வந்தது திலாப்பியா! சரி, பொரியல் மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. போகிறவர்கள் காற்று எழும்புமுன் காலையிலேயே போங்கள், தொப்பி அவசியம்.