சுத்தப் பருத்தி என்று வாங்கிய நூல் அக்ரிலிக்காக இருந்தது: குரோஷே பின்னுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேலைக்கான நூலை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக மொத்தமாக வாங்குகிற எல்லோருக்கும், குறிப்பாகப் பச்சிளங்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடையாகப் பின்னுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் குழுவுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொன்னால், அடுத்த குழுவாவது தப்பிக்கும் என்று நம்புகிறேன்.

மதுரையில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் ஏழு பேர் நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து பின்னுகிறோம். 2016 சனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வையை இணைத்துக் கின்னஸ் சாதனை படைத்த செய்தியைப் படித்தபோதுதான், வீட்டில் பொழுதுபோக்காகப் பின்னும் பெண்கள் ஒன்றுகூடினால் என்னவெல்லாம் செய்யலாம் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது. அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு இருமுறை ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் போர்வைகளும் குல்லாய்களும் பின்னிக் கொடுத்து வந்தோம். நூலுக்கான பணத்தைத் தெரிந்தவர்கள் நூறு, இருநூறு என்று தருவார்கள். கணக்கு என் பொறுப்பு. ஆகவே இதில் ஏமாந்தது என் பணம் மட்டுமன்று. பிறர் என்னை நம்பித் தந்த பணம் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அந்தப் பிரிவில் முதல் நாளே எங்களுக்கு ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள்: நூல் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். காரணம் எளியது. அங்கே துணிகளை வெந்நீரில்தான் துவைப்பார்கள். பருத்தி அதைத் தாங்கும், செயற்கை இழையான அக்ரிலிக் தாங்காமல் தொய்ந்துவிடும். அதோடு அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, தீப்பட்டால் உருகும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னித் தரும் முயற்சியிலும் இதே விதிதான்: நூறு சதவீதம் பருத்தி, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தக்கது, இழுத்துப் பிடித்தாலும் பொம்மையின் கைகள் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்குப் பின்னுகிறவர்கள் நூலின் வகையைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குத் தேவை இருக்கிறது. நம் ஊர் ஃபேன்சி கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான் என்பதால், நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

கடந்த ஆண்டு 30 போர்வைகள் பின்னத் திட்டமிட்டோம். குழந்தையின் விரல் கண்ணிகளில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகத் துளையில்லாமல் நெருக்கமாகப் பின்னுவோம். அப்படிப் பின்னினால் முக்கால் மீட்டர் சதுரப் போர்வைக்கு ஏறத்தாழ 400 கிராம் நூல் ஆகும். ஆக 12 கிலோ தேவைப்பட்டது. வழக்கமாக வாங்கும் கடையில் நல்ல பருத்தி நூல் 100 கிராம் உருண்டை 140 ரூபாய் விற்றது. அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளர், ‘நூறு சதவீதம் பருத்தி, மில்க் காட்டன், அறக்கொடைக்குப் பின்னுபவர்களுக்குச் சலுகை விலை 95 ரூபாய்’ என்று அறிவித்திருந்ததைக் குழுவில் ஒருவர் காட்டினார்.

நான் அப்படியே நம்பிவிடவில்லை. முதலில் வெள்ளையிலும் இளமஞ்சளிலும் ஒவ்வோர் உருண்டை மட்டும் மாதிரிக்கு வரவழைத்தேன். எடை சரியாக 100 கிராம் இருந்தது. நுனியை எரித்துப் பார்த்தேன். காகிதம் எரியும் வாடை வந்தது, மென்மையான சாம்பல் விழுந்தது. பருத்திதான். இந்த நிறைவில் 120 உருண்டைகளுக்கு 11,400 ரூபாயும் அனுப்பும் செலவுக்கு 600 ரூபாயுமாக மொத்தம் 12,000 ரூபாயை ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்கு ஜிபே செய்தேன். ரசீது கேட்டபோது, “பார்சல்லயே வெச்சு அனுப்புறேன் சிஸ்” என்று பதில் வந்தது. பார்சலில் ரசீது இல்லை. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

பார்சலைப் பிரித்து நிறவாரியாகப் பங்கிட்டுக் கொடுத்தோம். எங்களில் மூத்தவரான பெரியம்மா இரண்டு வரிசை பின்னியதுமே, “இதுல பருத்தியோட கனம் இல்லையேம்மா, ஊசியில வழுக்குது” என்றார். நாற்பது ஆண்டுகளாகப் பின்னும் கை அது. நானோ, மில்க் காட்டன் என்றால் அப்படித்தான் மென்மையாக இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். சந்தையில் மில்க் காட்டன் என்ற பெயரில் விற்கப்படும் நூலில் பெரும்பாலும் பருத்தியோடு அக்ரிலிக் கலந்திருக்கிறது என்பதையும், அந்தப் பெயர் முழுப் பருத்திக்கு எந்த உறுதியும் தருவதில்லை என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவின் விரல்களைவிட ஒரு விளம்பரத்தை நான் அதிகம் நம்பியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஐந்து வாரங்களில் ஒன்பது போர்வைகள் முடிந்தன. ஒரு போர்வைக்கு 28 மணி நேரம் என்று வைத்தாலும் 250 மணி நேர உழைப்பு. ஒருவர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பின்னுவார், ஒருவர் இரவு மாமியாருக்கு மருந்து கொடுத்த பிறகு உட்கார்வார். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி உலர்த்துவது எங்கள் வழக்கம். முதல் வாளியிலேயே தண்ணீர் இரத்தம் கரைத்ததுபோல் ஆயிற்று. சிவப்புச் சதுரங்களின் சாயம் இறங்கி, வெள்ளை ஓரங்கள் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பாகிவிட்டன. உலர்ந்த பிறகு ஓரத்தை நேராக்க இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது பின்னலின் புடைப்பு முழுவதும் அமுங்கி, அந்த இடம் பிளாஸ்டிக் தாள்போல் பளபளத்தது. அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சாண் நூலை வெட்டி எரித்தோம். சாம்பல் வரவில்லை, உருகிச் சுருண்டு, கரிய புகையோடு கறுப்பு மணியாக இறுகியது. எட்டு நிறங்களில் வெள்ளை ஒன்றுதான் பருத்தி. மற்ற ஏழும் அக்ரிலிக்.

பிறகு சமையலறைத் தராசில் பிரிக்காத உருண்டைகளை நிறுத்தோம். 100 கிராம் என்று அச்சிட்டிருந்த உருண்டைகள் நடுவில் உள்ள அட்டையோடு சேர்த்தே சராசரியாக 82 கிராம்தான் இருந்தன. 120 உருண்டைகளில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. 30 போர்வைக்குக் கணக்கிட்ட நூல், பருத்தியாகவே இருந்திருந்தாலும், 24 போர்வைக்குத்தான் வந்திருக்கும். மலிவு விலை என்று நாங்கள் நினைத்த 95 ரூபாய் எடைக்கணக்கில் 116 ரூபாயாகிறது. அதுவும் அக்ரிலிக்குக்கு. ஒரே நிறத்து உருண்டைகளில்கூட நிறம் லேசாக மாறியிருந்தது. உருண்டைகளில் சுற்றியிருந்த எந்தச் சீட்டிலும் சாயத் தொகுதி எண்ணே இல்லை. அந்த எண் ஒன்றாக இருந்தால்தான் ஒரே தொட்டியில் சாயமேறிய நூல் என்று பொருள் என்பது பின்னுகிற எல்லோருக்கும் தெரியும்.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். முதலில், “கலர் நூல்னா சாயம் போறது சகஜம் சிஸ், குளிர்ந்த தண்ணில உப்பு போட்டு அலசுங்க” என்றார். எரித்துப் பார்த்த காணொளியை அனுப்பியதும் தொனி மாறியது. பார்சல் பிரிக்கும் காணொளி, இடையில் நிறுத்தாமல், வெட்டாமல் எடுத்தது இருந்தால்தான் புகாரையே ஏற்பார்களாம். உருண்டையைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பார்சலைப் பிரிக்கிற காணொளியால் நூல் பருத்தியா அக்ரிலிக்கா என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை. அன்று இரவு என் எண்ணை முடக்கிவிட்டார். குழுவில் இன்னொருவர் வேறு எண்ணிலிருந்து மரியாதையாகவே கேட்டார், அவரையும் முடக்கினார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். ரசீது இல்லாவிட்டாலும் பணம் செலுத்திய சான்று, உரையாடல்களின் படங்கள், விளம்பரத்தின் படம் ஆகியவற்றை வைத்திருக்கச் சொன்னார்கள். நல்ல வேளையாகக் கூரியர் உறையைப் பெரியம்மா தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அதிலிருந்த அனுப்புநர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அப்படி ஒருவர் அங்கு இல்லை என்று திரும்பி வந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம், ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, இணைய வழியிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் எதிர்த்தரப்பின் உண்மையான பெயரும் முகவரியும் தெரியாமல் யாருக்கு அறிவிப்பு அனுப்புவது என்ற இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். இதனால்தான் சொல்கிறேன்: பணம் அனுப்புவதற்கு முன்பே முகவரியைக் கேளுங்கள். பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி, நிகர எடை, விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. எங்களுக்கு வந்த சீட்டில் ஒரு பூப்படமும் ‘நூறு சதவீதம் காட்டன்’ என்ற வரியும் 100 கிராம் என்ற எண்ணும் மட்டுமே இருந்தன.

மாதிரியை மட்டும் சோதித்துவிட்டு மொத்தச் சரக்கைச் சோதிக்காமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. நல்ல மாதிரி என்பது இவர்களுடைய தூண்டில். மொத்தச் சரக்கு வந்ததும் ஒரு கண்ணிகூடப் போடுவதற்கு முன், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் எரித்துப் பாருங்கள். பருத்தி காகித வாடையோடு சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடை தந்து, நெருப்பை விலக்கினால் தானே அணையும். அக்ரிலிக் உருகி மணியாகும். கலப்பு நூல் எரியவும் செய்யும், நுனியில் இறுகவும் செய்யும். அதனால் நுனியை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும், ஆறிய பிறகு. சாயத்துக்கு, நனைத்த நூலை வெள்ளைத் துணியில் சுற்றி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டாலே தெரிந்துவிடும். பத்து உருண்டைகளையாவது நிறுத்துப் பாருங்கள். இத்தனைக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். எங்களுக்கு அது 250 மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

அந்த ஒன்பது போர்வைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்; சாயம் இறங்கும் துணியை, உடம்பு நலிந்தவர் போர்த்திக்கொள்ளக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பலமுறை அலசிச் சாயம் நின்ற பிறகு, தெருநாய்களைப் பராமரிக்கும் இடத்துக்கு விரிப்பாகத் தந்தோம். அந்தப் பருவத்தில் மருத்துவமனைக்கு 30 போர்வைகளுக்குப் பதிலாக, பழைய நூலை வைத்துப் பின்னிய 6 போர்வைகளையும் சில குல்லாய்களையும்தான் கொடுக்க முடிந்தது. பணம் தந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லிக் கணக்கைக் காட்டினேன். யாரும் கோபப்படவில்லை. அது எனக்கு ஆறுதல் தரவில்லை, இன்னும் கனமாகத்தான் இருந்தது.

பிரிக்காத 63 உருண்டைகளும் அதே பெட்டியில், கூரியர் உறையோடு, சான்றாக என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் அதே படங்களை, அதே மரப்பலகைப் பின்னணியில், வேறொரு பெயரிலுள்ள பக்கத்தில் பார்த்தேன். அதே ‘அறக்கொடைச் சலுகை’, அதே ‘முதலில் இரண்டு உருண்டை மாதிரி வாங்கிப் பாருங்கள்’ என்ற அழைப்பு. கருத்துப் பகுதியில் எச்சரித்து நான் எழுதியது ஒரு மணி நேரத்தில் அழிக்கப்பட்டது. நேற்று மாலை வரை அந்தப் பக்கம் ஆர்டர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.