“கெஸ்ட் வைஃபையும் உறுப்பினர் வைஃபையும் ஒன்றுதான்” என்று ஹெல்ப்டெஸ்க்கில் சொன்னால் நம்பாதீர்கள்

குறுகிய கால ஆய்வுக்கோ பயிற்சிக்கோ வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறீர்களா? அங்கே வைஃபை விஷயத்தில் எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. கேள்விப்பட்டவரை பல இடங்களில் இதே கதைதான்.

வருகை ஆய்வாளராகச் சேர்ந்ததும் ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்குப் போனேன். “உறுப்பினர் வைஃபைக்கு உங்களுக்கு அக்கவுண்ட் வர நாளாகும். அதுவரை கெஸ்டிலேயே போங்க, ரெண்டும் ஒரே இன்டர்நெட்தான்” என்றார் அங்கிருந்தவர். சரி, அவர் வேலை, அவருக்குத் தெரியாதா என்று கெஸ்டில் இணைந்தேன். உலாவியில் ஒரு பக்கம் திறந்தது, மின்னஞ்சல் முகவரி கேட்டது, விதிமுறைகளை ஏற்கிறேன் என்று ஒரு டிக். அவ்வளவுதான், இணையம் வந்துவிட்டது.

முதல் அடி ஆய்விதழ்களில் விழுந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் சந்தா இல்லாத சில இதழ்கள் இங்கே உண்டு. நான் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் சுருக்கம் மட்டும்தான் தெரிந்தது, அதன் கீழே ‘பிடிஎஃப் வாங்க’ என்று ஒரு பொத்தான். ஹெல்ப்டெஸ்க்கில் கேட்டேன். “அப்போ லைப்ரரியில சந்தா இல்லைபோல” என்றார்கள். அவசரத்துக்கு என் அட்டையிலிருந்தே பணம் கட்டி வாங்கினேன், அதுவும் ஒரு கட்டுரை அல்ல. அப்புறம் பக்கத்து மேசை ஆய்வு மாணவி அதே கட்டுரையைச் சாதாரணமாகத் திறந்தார். அவர் திரையின் மேல்மூலையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. என் திரையில் அந்த இடம் காலியாக இருந்தது.

விஷயம் இதுதான். இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் அதன் அடையாள எண்) வருகிறது என்று பார்த்துத்தான் பதிப்பகங்கள் பெரும்பாலும் கதவைத் திறக்கின்றன. உறுப்பினர்கள் நுழையும் நெட்வொர்க் சந்தாவில் பதிவான முகவரிகளிலிருந்து வெளியே போகும். கெஸ்டை வேண்டுமென்றே வேறு முகவரியில் விடுவார்கள், ஏனென்றால் சந்தா ஒப்பந்தம் வழிப்போக்கர்களுக்கானது அல்ல. அதில் தவறே இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொன்னது தவறு. பதிப்பகத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவிறக்கிய கோப்புக்குத் திருப்பித் தருவதில்லை என்றார்கள்.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டர் கண்ணிலேயே படவில்லை. கெஸ்டில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே என் சர்வருக்குள் போகவும் முடியவில்லை, வலைப்பக்கங்கள் போகும் வழியைத் தவிர மற்றதை அடைத்து வைத்திருந்தார்கள். காணொளிச் சந்திப்பில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, மறுபடி அந்த டிக் பக்கம் வந்து நின்றது. கெஸ்ட் அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. அது பெரும்பாலும் போனின் மேக் முகவரியை, அதாவது கருவியின் வைஃபை அடையாள எண்ணை, வைத்துத்தான் நினைவில் நிற்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாகவே பொய் மேக் முகவரி காட்டுகின்றன. அது மாறினால் நீங்கள் மறுபடி புது ஆள்தான்.

இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. அந்த வளாகத்தில் எடுரோமும் இருந்தது! 2002-இல் ஐரோப்பாவில் ஒரு யோசனையாகத் தொடங்கி இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும், பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை ஏற்பாடு அது. உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் அதில் உறுப்பினர் என்றால், அங்கே பயன்படுத்தும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே உலகில் எந்த உறுப்பு வளாகத்திலும் நுழையலாம். சரிபார்ப்பது உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர்தான். நீங்கள் போயிருக்கும் வளாகம் இடையில் தபால்காரர் மட்டுமே, அமைப்பு ஒழுங்காக இருந்தால் கடவுச்சொல் அதன் கண்ணில் படாது. என் நிறுவனம் உறுப்பினர். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஹெல்ப்டெஸ்க் ஆளுக்கு இது தெரிந்திருக்கும். (எடுரோமில் வரும் விருந்தாளிக்கு அங்குள்ள நூலகச் சந்தாவும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அவர்களைத் தனியாகப் பிரித்து வைப்பதும் உண்டு. அதற்கு உள்ளூர் அக்கவுண்ட்தான் வேண்டும்.)

ஒருவழியாக அக்கவுண்ட் வந்தது. இரண்டாவது சேதம் அங்கேதான். என் பழைய ஆண்ட்ராய்டு போனை ஹெல்ப்டெஸ்க்கில் வாங்கி அவர்களே அமைத்துக் கொடுத்தார்கள். சர்வர் நிஜமானதா என்று சோதிக்க உதவும் ‘சிஏ சர்டிஃபிகேட்’ என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தார்கள், சர்வரின் பெயரைக் குறிக்கும் டொமைன் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். “இல்லன்னா கனெக்ட் ஆகாது சார்” என்றார் ஒருவர்.

கெஸ்ட் திறந்த நெட்வொர்க் என்றால் காற்றில் போவதற்கு வைஃபை அளவில் பூட்டு கிடையாது. வலைத்தளங்களின் எச்டிடிபிஎஸ் பூட்டு உள்ளடக்கத்தைக் காக்கும், ஆனாலும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் வெளியே தெரியும். கடவுச்சொல் கேட்கும் நெட்வொர்க் இதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. போன் முதலில் சர்வரின் சான்றிதழைப் பார்த்து ‘நீ நிஜமான ஆள்தானா’ என்று உறுதி செய்ய வேண்டும், அதன் பிறகே கடவுச்சொல்லின் பேச்சு. அந்தச் சோதனையை அணைத்துவிட்டால், அதே பெயரில் ஒரு போலி வைஃபையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருப்பவனிடமும் போன் தானாகப் போய்க் கைகுலுக்கும். பல வளாகங்களில் உள்ளே ஓடுவது எம்எஸ்சாப் வி2 என்ற பழைய கடவுச்சொல் சரிபார்ப்பு முறை. அதை டெஸ் என்ற பலவீனமான பழைய பூட்டுமுறையின் ஒற்றை 56 பிட் சாவியை உடைக்கும் வேலையாகக் குறைத்துவிடலாம் என்று 2012-இல் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே காட்டிவிட்டார்கள். கடவுச்சொல்லோ மின்னஞ்சலுக்கும் மதிப்பெண்ணுக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆக இப்படி அமைத்த போன், கெஸ்டில் இருந்ததைவிட ஆபத்தான நிலையில் இருந்தது. ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதை ஆண்ட்ராய்டு 11 காலத்தில் கூகுளே நீக்கத் தொடங்கியது. ஹெல்ப்டெஸ்க்குக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

எழுத்தில் புகார் கொடுத்தேன். “உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எந்தச் சிக்கல், எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி இல்லை.

உங்கள் போனையும் யாராவது இப்படி அமைத்துக் கொடுத்திருந்தால், அந்த நெட்வொர்க்கை ‘மறந்துவிடு’ கொடுத்து நீக்குங்கள். மொபைல் டேட்டாவில் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் பல்கலைக்கழகம் தரும் அமைப்புச் செயலியை, எடுரோம் என்றால் கெட்எடுரோமை, நிறுவி அதன் வழியே மட்டும் இணையுங்கள். சான்றிதழும் டொமைனும் தானாக நிரம்பும். லேப்டாப், டேப்லெட்டிலும் பழைய கடவுச்சொல்லை அழிக்க மறக்க வேண்டாம். அவை விடாமல் பழையதையே அனுப்பிக்கொண்டிருந்தால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும், திறந்துவிடச் சொல்லி அதே ஹெல்ப்டெஸ்க் வரிசையில்தான் போய் நிற்க வேண்டும்.