வன்னிக் கண்ணாடிக் கடைகளின் மூன்று அறைச் சம்ப்: வாங்கமுன் அளக்க வேண்டியவை

சம்ப் என்பது மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி. மேலிருந்து வடியும் தண்ணீர் அதன் அறைகளைக் கடந்து, கடைசி அறையில் நிற்கும் பம்பால் மீண்டும் மேலே ஏறும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் கண்ணாடிக் கடைகளில் உப்புநீர் மீன்தொட்டிக்குச் சம்ப் கேட்டால் பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் ஒட்டித் தருகிறார்கள். நீளம் 36 அங்குலம், அகலம் 15, உயரம் 16. இடமிருந்து வலமாக 14, 14, 8 அங்குலத்தில் மூன்று அறைகள். 4 அடித் தொட்டியின் ஸ்ராண்டுக்குள் அளவாக நிற்கும். 6 மில்லிமீற்றர் கண்ணாடி இந்த உயரத்துக்குப் போதும். விளிம்பு தேய்த்திருக்கும், ஒட்டும் நேராக இருக்கும். கொழும்பில் இருந்து லொறியில் ஏற்றி, வழியில் வெடிப்பு விழுமோ என்ற பயத்தோடு இறக்குவதைவிட இது நல்ல தெரிவு.

குறை முழுவதும் அறைகளின் அளவில் இருக்கிறது. சம்ப் அழுக்கு வந்து தங்குவதற்கென்றே வைக்கிற பாத்திரம். தங்கியதைக் கையை விட்டு எடுக்க வழியில்லாவிட்டால், கழிவு சிதைந்து உருவாகும் நைத்திரேற்று அங்கிருந்தே ஏறும். ஓடர் கொடுக்கும்போது நாலு அளவை மாற்றச் சொன்னால் இதே சம்ப் பல வருடம் சிரமமில்லாமல் ஓடும்.

முதலாவது, குமிழி மறிக்கும் தடுப்புக் கண்ணாடிகள். கடையில் மூன்று கண்ணாடியை 1 அங்குல இடைவெளியில் வைத்து ஒட்டுகிறார்கள். அந்த இடுக்கில் மண்டி நிரம்பினால் விரலும் போகாது, ஹோஸும் வளைந்து போகாது. இடைவெளியை 2 அங்குலமாக்கி, நடுக்கண்ணாடியை அடித்தளத்தில் இருந்து ஒன்றரை அங்குலம் உயர்த்தி ஒட்டச் சொல்லுங்கள். இடைவெளி கூடினால் குமிழி தப்பி வருமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கணக்கு அப்படி வராது. மணிக்கு 1500 லீற்றர் ஓடும் பம்பில், 1 அங்குல இடுக்கில் தண்ணீர் செக்கனுக்கு 4 சென்ரிமீற்றருக்கு மேல் பாயும். 2 அங்குலத்தில் அது பாதியாகும். மெதுவாகப் போகும் தண்ணீரில்தான் குமிழி மேலெழுந்து உடையும். இன்னும் நல்லது, நடுக்கண்ணாடியை ஒட்டாமல் இரண்டு பக்கமும் சிறு கண்ணாடித் துண்டால் காடி அமைத்துச் செருக விடுவது. கழற்றிக் கழுவி மீண்டும் போடலாம்.

இரண்டாவது, பம்ப் நிற்கும் கடைசி அறை. ஆவியாகும் தண்ணீர் எவ்வளவென்று இந்த அறையில் மட்டும்தான் தெரியும், மற்ற இரண்டிலும் மட்டம் மாறாது. 8 அங்குல அறையில் 1 அங்குலம் இறங்கினால் ஏறத்தாழ 2 லீற்றர் போயிருக்கிறது. வன்னி வெக்கைக்கு சம்புக்கு மேல் சிறு விசிறி வைத்தால் ஒரு நாளில் 4 லீற்றர் ஆவியாவது சாதாரணம். அறையில் 8 அங்குலத் தண்ணீர் நிற்கிறது, பம்புக்குக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்றால், இரண்டு நாள் வீட்டில் ஆளில்லாவிட்டால் பம்ப் காற்றை இழுத்துச் சூடேறும். இந்த அறையை 12 அங்குலமாக்கி, முதல் அறைக்கு 16 கொடுத்து, நடு அறையைத் தடுப்புகளோடு 8 ஆகக் குறையுங்கள். நடு அறையில் பாசி வளர்க்கும் எண்ணம் இல்லாதவருக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. முதல் அறை பெருத்தால், வரும் தண்ணீரின் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான பில்டர் சொக்ஸும், காற்றுக் குமிழியால் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும்.

மூன்றாவது, மேலே குறுக்காக ஒட்டும் 2 அங்குலப் பட்டி. அதை நடுவில் ஒட்டுவது கடை வழக்கம். ஸ்கிம்மரை வெளியே எடுக்கும்போது அதன் மேலுள்ள கழிவுக் கப் பட்டியில் தட்டும். நீளப்பாட்டில் முன்னும் பின்னும் ஒட்டினால் பலமும் குறையாது, வாயும் திறந்திருக்கும். முதல் தடுப்பின் உயரத்தை உங்களுடைய ஸ்கிம்மர் கேட்கும் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைக்காரர் 9 அங்குலம் என்று பொதுவாக வெட்டி வைத்திருப்பார், உங்களுக்கு 7 தேவைப்படலாம்.

நாலாவது சிலிக்கன். குளியலறைக்கென்று விற்கும் ‘பூஞ்சணம் பிடிக்காத’ வகையில் நஞ்சு கலந்திருக்கும். அதைத் தொட்டிக்குப் பாவிக்கவே கூடாது. ஒட்டும்போது வினாகிரி மணக்கும் சாதாரண வகைதான் சரி. எந்தக் குழாயைப் பாவிக்கிறார்கள் என்று கேட்டு, லேபிளைக் கண்ணால் பாருங்கள். ஒரு கிழமை காய விட்டே எடுங்கள்.

கரண்ட் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமான தொட்டியில் 1 அங்குலத் தண்ணீர் என்றால் 14 லீற்றர். பம்ப் நின்றதும், தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் குழாயின் வாய் தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவும் சைபனாகக் கீழே இறங்கும். 2 அங்குல ஆழமென்றால் 28 லீற்றர். சம்பில் மட்டம் 3 அங்குலத்துக்கு மேல் ஏறும். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்டால் அதில் காற்று நுழைந்து சைபன் அறும். ஆனால் அந்த ஓட்டையில் பாசியும் சுண்ணாம்பும் அடைக்கும், சுத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் ஈர்க்கால் குத்தி எடுக்க வேண்டும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒரு சிறு நத்தை ஓடோ மணலோ இடையில் சிக்கினால் அது மூடாது. சம்ப் வந்து முதல்முறை ஓடும்போதே பம்பை நிறுத்தி, ஏறும் தண்ணீர் வழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், மீண்டும் பம்பை ஓட விட்டு, அது ஓடும் நேரத்து மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு கோப்பை தண்ணீரும் விடக்கூடாது.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். சொக்ஸை மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விட்டால் அதில் சிக்கிய தீனும் கழிவும் அழுகி, தண்ணீர் வாயால் வழிந்து ஸ்கிம்மருக்கு நேரே போகும். கழற்றியதை உட்புறம் வெளியாகத் திருப்பி ஹோஸால் பீச்சியடித்து, மணம் சேர்க்காத பிளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊறவிட்டு, நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் மொரமொரவென்று காயும் வரை போடுங்கள். பிளீச் மணம் மிஞ்சினால் இன்னொரு நாள் காய வேண்டும். சவர்க்காரமும் உடுப்பு மென்மையாக்கியும் ஆகாது. பிளீச் தொட்ட வாளியில் வினாகிரி ஊற்றவும் கூடாது, குளோரின் வாயு எழும்பும்.

மாதம் ஒருமுறை அடிமண்டியை எடுக்க வேண்டும். முதலில் ஆவியான அளவுக்குத் தானாக நன்னீர் விடும் கருவி (வைத்திருந்தால்), பிறகு ஸ்கிம்மர், கடைசியாகப் பம்ப் என்ற வரிசையில் நிறுத்துங்கள். கருவியை நிறுத்த மறந்தால் சம்பில் மட்டம் குறைந்ததைப் பார்த்து அது நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும், உப்பு இறங்கிவிடும். மேலிருந்து வடிவது நின்றதும் அரை அங்குல ஹோஸால் முதல் அறையின் மூலைகளில் தொடங்கி மண்டியை வாளிக்கு இழுங்கள். கிளறாமல், ஹோஸின் வாயை மண்டியில் வைத்து மெதுவாக நகர்த்தினால் அப்படியே ஏறும். அழுகிய முட்டை மணம் வந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் மேலே போகக் கூடாது. 25 முதல் 30 லீற்றர் வரை வெளியே எடுப்பது இந்த அளவுத் தொட்டிக்கு ஏறத்தாழ 10 சதவீத நீர் மாற்றமும் ஆகிவிடும். கண்ணாடியில் பிடித்த சுண்ணாம்பைப் பழைய பிளாஸ்ரிக் காட்டால் சுரண்டலாம். சிலிக்கன் ஒட்டில் பிளேட் பட்டால் கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கடையில் செயற்கை வினாகிரி என்று எழுதிய தெளிந்த போத்தலை எடுங்கள், தென்னங்கள் வினாகிரி கறிக்கு இருக்கட்டும். பிறகு பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை இழுத்தெடுத்து, தண்டையும் அது சுழலும் குழியையும் ரூத்பிரஷால் தேய்த்து, நன்னீரில் ஓட்டிக் கழுவுங்கள். பம்ப் இரைவதும் தண்ணீர் குறைவதும் பெரும்பாலும் இந்தக் குழிச் சுண்ணாம்பால்தான். மோட்டர் சூடான இடத்தில் அது முதலில் படியும்.

அந்தச் சுண்ணாம்பைக் கூட்டுவது கிணற்றுத் தண்ணீர். ஆவியாவது வெறும் தண்ணீர். கிணற்றின் கல்சியமும் வயலில் இருந்து இறங்கிய உரமும் தொட்டியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சிறுநீரக நோய்ப் பயத்தால் வன்னி ஊர்களில் உப்பும் தாதுக்களும் வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் விற்கும் இடங்கள் இருக்கின்றன. தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் டீ.டீ.எஸ். மீற்றரால் அளந்து பார்த்து, குறைவாகக் காட்டும் இடத்தில் கான் நிரப்புங்கள். கடல்நீர் எடுப்பவர்கள் மாரியில் நந்திக்கடல் வெள்ளம் இறங்கும் நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எந்த நாளில் எடுத்தாலும் 1.025 அடர்த்தி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கடையில் மூடி கேட்டால் கண்ணாடி மூடி தருவார்கள். வேண்டாம், சூடு உள்ளே நிற்கும். சோளகக் காற்றுக் காலத்துச் செம்மண் புழுதியையும் பல்லியையும் தடுக்க நைலோன் வலை அடித்த சட்டம் போதும். டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளில் ஸ்கிம்மரை நிறுத்தி, சம்பை ஈரத் துணியால் மூடி, புகை கலைந்த பின்பே போடுங்கள். ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும் கருவி. அந்தப் புகையில் இருக்கும் பூச்சிமருந்து இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும். நுளம்புத் திரியையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள்.

வீட்டுக்கு ஏற்றுவதற்கு முன் கடை வாசலிலேயே ரெஜிபோம் தட்டில் வைத்து, விளிம்பு வரை நிரப்பி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். பிறகு ஒவ்வொரு அறையையும் தனியாக நிரப்பி, பக்கத்து அறைக்குத் தடுப்பின் ஒட்டு வழியாகத் தண்ணீர் ஊறுகிறதா என்றும் பாருங்கள். வெளி ஒட்டை மட்டும் பார்த்து எடுத்து வந்தால் அந்த ஊறல் ஸ்கிம்மர் அறையின் மட்டம் தானாக இறங்கும்போதுதான் தெரிய வரும், அப்போது முழுச் சம்பையும் கழற்ற வேண்டியிருக்கும்.