டயரை மட்டும் பெரிதாக்கினால் டீசல் மிச்சமாகாது: கிருஷ்ணகிரியில் கிரவுன் மாற்றிய கதை

ஐந்து மாதத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டோரம் இருக்கும் ஒரு பட்டறையில் என் லாரிக்குக் கிரவுன் பினியன் (பின் அச்சில், டிஃபரென்ஷியலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றினேன். பெயர்ப் பலகைகூட இல்லாத பட்டறை, டிஃபரென்ஷியல் வேலை மட்டும்தான் செய்கிறார்கள். செய்த வேலையும் அதன் பலனும் எப்படி என்று பலர் போனில் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். டயர் மாற்றியதில் நான் செய்த தப்பும் இதில் வரும், ஏனென்றால் அந்தத் தப்பு இல்லாமல் இந்தப் பட்டறைக்கே போயிருக்க மாட்டேன்.

வண்டி 2011 மாடல் ஆறு வீல் டாட்டா. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குவாரியில் கல் ஓட்டியவர், அதனால் கிரவுன் 6/41 போட்டிருந்தார். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல். ஒரு தடவை சக்கரம் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு) 6.83 தடவை சுற்ற வேண்டும். குவாரிப் பள்ளத்திலிருந்து பாரத்தோடு ஏற அது சரியான கிரவுன். ஆனால் நான் ஓட்டுவது மாம்பழக்கூழ் டிரம், புளி, கிரானைட் ஸ்லாப், பெரும்பாலும் சென்னை. வேலூர் வழியாகப் போக மட்டும் சுமார் 260 கிலோமீட்டர், முழுக்க நாலு வழிச்சாலை. 60-இல் போனாலே இன்ஜின் கத்தும். கேபினில் பேச முடியாது.

டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வந்தது. டோல் பக்கம் டீக்கடையில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: 9.00-20 டயரைக் (9 அங்குல அகலம், 20 அங்குல ரிம்) கழற்றிவிட்டு 10.00-20 போடு, ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், டீசல் மிச்சம். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. என் மாடலுக்குக் கம்பெனியே இரண்டு அளவையும் அனுமதித்திருந்ததால் எஃப்சியில் (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) பிரச்சினை வராது என்று பார்த்துக்கொண்டேன் (இதை நீங்களும் பாருங்கள், கம்பெனி கொடுத்த பட்டியலில் இல்லாத அளவு போட்டால் அது சட்டப்படி வண்டியை மாற்றியதாகிவிடும்). ஆறு டயரும் ரேடியல், முன்பு இருந்ததும் ரேடியல்தான். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறும்போது அளவையும் சேர்த்து மாற்றுகிறவர்கள், ரேடியல் லேசாக உருளுவதால் கிடைத்த லாபத்தைப் பெரிய டயரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

டயர் போட்ட கடை எதுவென்று சொல்ல விரும்பவில்லை. பழைய ரிம்மிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 9.00-க்கு ரிம் அகலம் 7 அங்குலம், 10.00-க்கு 7.5 அங்குலம் வேண்டும். பாரம் ஏறியதும் பின்னால் ஜோடி டயர் இரண்டும் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரச ஆரம்பித்தன. ஆம்பூர் தாண்டி நிறுத்தித் தொட்டுப் பார்த்தபோது கை வைக்க முடியாத சூடு. அன்றைக்கு வெடிக்காமல் வந்தது பெரிய விஷயம். அப்புறம் ரிம் ஆறும் மாற்றியதில் தனிச் செலவு.

அதைவிட மனசுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று. சென்னை போய்வந்தால் 520 கிலோமீட்டர், முன்பு 121 லிட்டர் ஆகும், லிட்டருக்கு 4.3. புது டயர் போட்ட பிறகு மீட்டரில் 504 தான் காட்டியது, டீசல் அதே 121. கணக்குப் போட்டால் 4.16. மூன்று நடை தொடர்ந்து இப்படி வந்ததும் டிரைவர் அண்ணன் மேல் சந்தேகப்பட்டுவிட்டேன். பதினோரு வருடமாக என்னோடு இருப்பவர், வழியில் டீசல் இறக்குகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தப் பட்டறைக்குப் போனது அடுத்த நாள்தான். மைலேஜ் விழுந்துவிட்டது, என்ன கோளாறு என்று பாருங்கள் என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன், எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வண்டிக்கு அடியில்கூடப் போகவில்லை. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, வண்டியை ஒரு சுற்று உருட்டச் சொல்லி டேப் பிடித்தார். 3 மீட்டர் 20 சென்டி. தன் நோட்டைப் புரட்டி, "9.00 டயர் 3 மீட்டர் 10 வரும் தம்பி. கிலோமீட்டருக்கு முன்னே 322 சுத்து, இப்போ 312. உங்க மீட்டருக்கு டயர் மாத்தினது தெரியுமா?" என்றார்.

மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. அதற்குத் தெரிவது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். டயர் பெரிதானதும் அதே தூரத்துக்குச் சுற்று குறைந்தது, மீட்டர் நூற்றுக்கு மூன்று குறைவாகக் காட்டியது. வண்டி உண்மையில் 520 தான் ஓடியிருக்கிறது, டீசலும் பழைய அளவுதான். மைலேஜ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பட்டறையிலிருந்து நேராக டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வண்டி வைத்திருப்பவர்கள் டயர் அளவு மாற்றினால் முதல் வேலையாக இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், போனில் ஜிபிஎஸ் வைத்து ஒரு நடை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டயர் தேய்மானத்துக்கும் இதே கதைதான், ட்ரெட் 12 மில்லி தேய்ந்தால் விட்டத்தில் 24 மில்லி போய்விடுகிறது, அதனால் புது டயரில் ஒரு மைலேஜும் தேய்ந்த டயரில் ஒரு மைலேஜும் காட்டும்.

சரி, டயர் பெரிதாகியும் டீசல் ஏன் மிச்சமாகவில்லை? பாய் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூன்று சதவீதம் பெரிய டயர் என்றால் கிரவுனை மூன்று சதவீதம் மாற்றியதற்குச் சமம், அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், டாப் கியர் நேர் கியர், இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. ஆக 322-ஐ 6.83-ஆல் பெருக்கினால் இன்ஜின் சுற்று வந்துவிடும்: சுமார் 2200. பெரிய டயரில் 2130. இன்ஜினின் நல்ல இழுவை 1500-ஐ ஒட்டி இருக்கும்போது 2200 ஆனால் என்ன, 2130 ஆனால் என்ன, இரண்டுமே வீண் ஓட்டம்தான். அந்தச் சின்ன லாபத்தையும் டயர், ரிம் கூடுதல் எடையும், மேட்டில் இழுவை குறைந்து ஒரு கியர் இறக்க வேண்டி வந்ததும் தின்றுவிட்டன. சக்கரம் பெரிதானால் அச்சிலிருந்து ரோடு தள்ளிப் போகிறது, அச்சில் வரும் அதே முறுக்கு ரோட்டில் குறைவான இழுவையாகத்தான் இறங்கும். சின்னப் பையன் பெரிய சைக்கிளை மேட்டில் மிதிப்பது போல.

நான் உடனே 7/41 போட்டுக் கொடுங்கள் என்றேன். 5.86 விகிதம், 60-இல் 1830 சுற்றுதான். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. சேலம் லோடு மாதத்துக்கு எத்தனை என்று கேட்டார். ஐந்தாறு என்றேன். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயில் முழுப் பாரத்தோடு ஏறி தர்மபுரி வருகிற வண்டிக்கு 7/41 போட்டால் ஏற்றம் முழுக்கக் கீழ்க் கியரில் ஓடி, சென்னை ரோட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே எரித்துவிடும், நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச்சும் போகும் என்றார். 7/41 சமதளத்திலேயே ஓடுகிற வண்டிக்கு, சென்னை–விஜயவாடா மாதிரி ரோட்டுக்கு. என் வண்டிக்கு 6/37, அதாவது 6.17. இப்போதிருக்கும் டயரோடு 60-இல் 1920 சுற்று வரும். அதிக விலை வேலையைச் சொல்லி வாங்க வந்தவனிடம், உனக்கு இது வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலை இரண்டு நாள். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும், இரண்டிலும் ஒரே நம்பர் பொறித்திருக்கும், அதைப் பெட்டியைப் பிரிக்கும்போதே என்னிடம் காட்டினார்கள். ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே வண்டியை விடாதீர்கள். பேரிங், சீல் எல்லாம் புதிது. எனக்கு மிகவும் பிடித்தது பல் படிவு பார்த்த விதம். பல்லில் பெயிண்ட் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார்கள். முதல் தடவை நுனிப் பக்கம் விழுந்தது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) மாற்றினார்கள். திரும்பவும் பார்த்தார்கள், திரும்பவும் மாற்றினார்கள், நான்காவது தடவைதான் பாய் தலையாட்டினார். இதை அவசரமாகச் செய்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், அப்புறம் பல் உடையும். வெளியே வந்தபோது சத்தமே இல்லை, இன்றைக்கு வரைக்கும் இல்லை.

செலவு: செட் 21,000, பேரிங் சீல் ஆயில் 9,000, கூலி 6,000. மொத்தம் 36,000. பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள், கேளுங்கள். முதல் 500 கிலோமீட்டர் பாதி பாரத்தில் ஓட்டிவிட்டு கியர் ஆயிலை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், பழைய ஆயிலில் இரும்புத்தூள் மினுமினுத்தது.

இப்போது பலன். சென்னை போய்வர 115 லிட்டர், கிலோமீட்டர் கல்லை வைத்துக் கணக்குப் போட்டது, லிட்டருக்கு 4.5. ஆறு லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு நடைக்கு 550 ரூபாய் பக்கம். மாதம் பத்து நடை ஓடினால் போட்ட பணம் ஆறேழு மாதத்தில் வந்துவிடும். மீட்டரை நம்பியிருந்தால் இந்த 520 கிலோமீட்டருக்கு அது 455 தான் காட்டும், லிட்டருக்கு 4 கூட இல்லை என்று மறுபடியும் யாரையாவது திட்டியிருப்பேன், ஏனென்றால் டயரும் கிரவுனும் சேர்ந்து ஷாஃப்ட் சுற்றை எட்டில் ஒரு பங்கு குறைத்துவிட்டன. மீட்டர் கியரைப் பாயே மாற்றிக் கொடுத்தார், இப்போது ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறது. இதை விட்டுவிடாதீர்கள். சரக்கு வண்டிக்கு 80-இல் பூட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இந்தச் சுற்றுக் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது, சரிசெய்யாமல் விட்டால் 80 என்று காட்டும்போது வண்டி 90-ஐத் தாண்டியிருக்கும். பிஎஸ்6 (புகை மாசு விதிப்படி வந்த புது மாடல்) வண்டிக்காரர்கள் என்றால் கம்பெனி சர்வீஸில் கொடுத்துத்தான் டயர் அளவைப் பதிய வேண்டும்.

சேலம் நடையில் மிச்சம் எதுவும் இல்லை, ஒரு லிட்டர் முன்னே பின்னே. போகும்போது கிடைப்பது திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் போய்விடுகிறது. அதற்காக வருத்தமில்லை, 7/41 போட்டிருந்தால் நஷ்டமே வந்திருக்கும்.

தொப்பூர் இறக்கம் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் அந்த வளைவுகளில் எத்தனை வண்டி போயிருக்கிறது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிரவுன் விகிதத்தைக் குறைத்து டயரையும் பெரிதாக்கினால், ஏற்றத்தில் இழுவை குறைந்த அதே அளவுக்கு இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் குறைகிறது. முன்பு நான்காவதில் இறங்கிய இடத்தில் இப்போது மூன்றாவதில் இறங்குங்கள் என்று பாய் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு நேரில் சொன்னார், என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. பெரிய டயரை நிறுத்தப் பிரேக்குக்கும் வேலை அதிகம், அதனால் லைனிங்கையும் அப்போதே பார்த்துவிட்டோம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குறை என்றால் இரண்டு. செட் கையிருப்பில் வைப்பதில்லை, முன்பணம் கொடுத்து நான்கு நாள் காத்திருக்க வேண்டும். வண்டி நிறுத்த இடமும் குறைவு, பத்து வீல் கொண்டுபோனால் ரோட்டோரம்தான் நிற்கும், இரவு யாராவது வண்டியில் படுத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் வண்டியின் டயர் அளவு, இப்போதிருக்கும் பல் எண்ணிக்கை, ஒரு மாதம் ஓடிய ஊர்கள், ஏற்றிய எடை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பாய் முதலில் கேட்பது அதைத்தான். வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை இருக்காது. மற்ற நாளில் காலை எட்டு மணிக்குள் வண்டியை விட்டால் அன்றைக்கே ஹவுசிங்கைப் பிரித்துவிடுகிறார்கள்.