வெயிலில் ஆடு ஏற்றுவோர் கவனத்திற்கு: 67,500 ரூபாய் இழந்துவிட்டு எழுதுகிறேன்

சென்ற சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் கன்னி என்ற நாட்டு இனத்தைச் சேர்ந்த 22 ஆடுகளை வாங்கி, அவற்றைக் கரூர்ப் பக்கமுள்ள எங்கள் ஊருக்குக் கொண்டுவருவதற்காக, சரக்கு வண்டி பிடித்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியில் 4,500 ரூபாய் முன்பணம் கட்டினேன். கத்திரி வெயில் காலம் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு, கம்பித் தடுப்புள்ள வண்டிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். வந்ததோ நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, நான்கு பக்கமும் தகரம் அடைத்த ஒன்றரை டன் வண்டி. தயங்கி நின்ற என்னிடம் ஓட்டுநர், "ஓடுற வண்டியில காத்து வந்துக்கிட்டே இருக்கும்ணே, வாராவாரம் ஆடுதான் ஏத்துறேன், நீங்க நிம்மதியா பஸ்ல போங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி ஆடுகளை ஏற்றிவிட்டேன்.

வழியில் அவர் வேறொருவரின் 14 ஆடுகளையும் அதே வண்டிக்குள் நெருக்கி ஏற்றியிருக்கிறார். சாத்தூர் தாண்டி ஓர் உணவகத்தில், நிழலில்லாத இடத்தில், மேலே தார்ப்பாயும் மூடிய நிலையில், ஒன்றரை மணி நேரம் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஆடு மூச்சிரைத்துத்தான் தன் உடல் சூட்டைத் தணிக்கும் என்றும், காற்றோட்டமின்றி நிற்கும் வண்டியில் அது விடும் ஈர மூச்சே தேங்கிச் சூடு இறங்காமல் போகும் என்றும் கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். இரவில் கதவைத் திறந்தபோது என் ஆடுகளில் ஏழு செத்துக் கிடந்தன. அவற்றில் இரண்டு சினை ஆடுகள். ஒன்று 9,000 வீதம் 63,000, முன்பணத்தோடு 67,500 ரூபாய்.

செயலியின் உதவி எண்ணில் முதல் நாள், "ஓட்டுநரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். மறுநாள், ஆடுகளுக்கு முன்பே நோய் இருந்திருக்கும் என்றும், தாங்கள் வண்டியை ஏற்பாடு செய்பவர்கள் மட்டுமே என்றும் கையை விரித்தார்கள். மருத்துவரின் பரிசோதனைச் சான்றை அனுப்பியதற்கு, "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. என் 67,500 ரூபாயை எவரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

விரிவாக எழுத இப்போது மனம் ஒப்பவில்லை. பகலில் ஏற்றாதீர்கள். 4.5 டன் லாரியிலேயே 40 ஆடுகளுக்கு மேல் கூடாது என்று 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் சொல்வதை ஓட்டுநரிடம் சொல்லி, வழியில் வேறு ஆடு ஏற்றமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். வண்டியில் நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் ஏறுங்கள். நிறுத்தினால் நிழலில் மட்டும் நிறுத்தச் செய்யுங்கள். மயங்கி விழுந்த ஆட்டின் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறுங்கள்.